ஓராண்டுப் படிப்பு முடித்து ஊர் திரும்புதல்

பிரிட்டனில் எம்.எஸ்சி., எம்.ஏ. போன்ற முதுகலைப் படிப்புகளில் பெரும்பாலானவை ஓராண்டுதான். செப்டம்பரில் தொடங்கும். மே, ஜூனுக்குள் வகுப்பும் தேர்வும் முடியும். கோடை முழுக்க எழுதிய ஆய்வேட்டை ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒப்படைத்துவிட்டால் படிப்பு முடிந்தது. காவிரிக்கரை விசைத்தறி ஊரான குமாரபாளையத்திலிருந்து ஆவணியில் புறப்பட்டவர் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு ஆடிப் பதினெட்டு மட்டும் ஊரில் இல்லாமல் இருந்து, அடுத்த புரட்டாசியில் திரும்பிவிடலாம். தறிப்பட்டறைகளில் தீபாவளிச் சரக்குக்கு அவசரமாக ஓட்டம் நடக்கும் நேரம் அது; விசைத்தறித் தொழிலாளர்களின் போனஸ் பேச்சுவார்த்தையும் அப்போதுதான் சூடு பிடிக்கும். ஓராண்டில் ஊர் மாறிவிடாது. வந்தவர் பெயரில்தான் ஒரு கல்விக் கடன் ஏறியிருக்கும். பட்டச் சான்றிதழ்கூடக் கைக்கு வந்திருக்காது. பட்டமளிப்பு விழா பல பல்கலைக்கழகங்களில் டிசம்பர், ஜனவரியில் நடக்கிறது, சிலவற்றில் இன்னும் தள்ளிப்போகிறது.

திரும்புவதா, தங்குவதா என்பதைப் பெரும்பாலும் விசாதான் முடிவுசெய்கிறது. 12 மாதமோ அதற்கு மேலோ நீளும் படிப்புக்கான மாணவர் விசா, படிப்பு முடிந்த பின்னும் 4 மாதம் செல்லும். அதற்குள் ‘கிராஜுவேட்’ விசாவுக்கு விண்ணப்பித்தால் அங்கேயே தங்கி வேலை தேடலாம், செய்யலாம். 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய இந்த வசதி முதுகலை படித்தவர்களுக்கு 2 ஆண்டு என்றிருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம். இதற்கு விண்ணப்பிக்கும்போது பிரிட்டனுக்குள் இருந்தாக வேண்டும். மாணவர் விசா காலாவதியான பிறகு ஊரிலிருந்தபடி இதைக் கேட்க வழியில்லை. ஆத்திரத்தில் டிக்கெட் போட்டுவிட்டுப் பிறகு வருந்துவதைவிட, விசா முடியும் இந்த ஒரு தேதியை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

தங்கியவர்களிலும் பலர் பிறகு திரும்பத்தான் வேண்டியிருக்கிறது. திறன் பணியாளர் விசாவுக்கான பொதுவான ஆண்டுச் சம்பள வரம்பை பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் 41,700 பவுண்டாக உயர்த்தியது. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குச் சலுகை வரம்பு 33,400. முதல் வேலையிலேயே இந்தச் சம்பளம் எல்லாத் துறையிலும் கிடைப்பதில்லை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகையில் போனவர்களுக்கு வேறு நிபந்தனை: படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி, குறைந்தது 2 ஆண்டு இருக்க வேண்டும்.

புறப்படும் கடைசி வாரங்களில் மாணவர்கள் பெட்டியின் எடையைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குப் பணத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இங்கிலாந்தில் வாடகை முன்பணத்தை வீட்டுக்காரர் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும். எவ்வளவு திருப்பித் தருவது என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டபின் 10 நாளுக்குள் தந்துவிட வேண்டும். பகுதிநேர வேலையில் வரி பிடித்திருந்து, ஆண்டு வருமானம் 12,570 பவுண்டுக்குள் இருந்தால் அந்த வரியைத் திரும்பப் பெறலாம். நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கென்றே ‘பி85’ என்ற படிவம் இருக்கிறது. இவை முடியும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் இருப்பது உத்தமம்.

ஊருக்கு வந்தபின் முதல் சிக்கல் சான்றிதழில் எழும். இந்தியாவில் முதுகலை என்றால் வழக்கமாக 2 ஆண்டு. அதனால் ஓராண்டு பிரிட்டிஷ் பட்டத்துக்கு இங்கே இணைத்தகுதி கிடைப்பது நெடுங்காலம் இழுபறியாகவே இருந்தது. 2022 ஜூலையில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் அந்த ஓராண்டுப் பட்டத்தை முதுகலையாக ஏற்றுக்கொண்டது. பொறியியல், மருத்துவம், செவிலியம், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை போன்ற தொழிற்படிப்புகள் அதில் அடங்கா. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைத்தகுதி வழங்கத் தனி விதிமுறைகளை வெளியிட்டது, விண்ணப்பம் இணையவழியில்தான். தனியார் நிறுவனங்கள் இதையெல்லாம் பெரும்பாலும் கேட்பதில்லை. அரசுத் தேர்வு, கல்லூரி ஆசிரியர் பணி, முனைவர் பட்டச் சேர்க்கை என்று வரும்போது கேட்பார்கள். குமாரபாளையத்திலும் சுற்றிலும் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. திரும்பி வந்தவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். அந்த எண்ணம் இருப்பவர்கள் வந்த கையோடு விண்ணப்பித்துவிட வேண்டும்.

கடன் கணக்கு இதைவிடக் கடினம். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பது வங்கிகளின் வழக்கமான ஏற்பாடு. படிப்பே ஓராண்டு என்பதால், விமானம் ஏறி இரண்டே ஆண்டில் முதல் தவணை வந்து நிற்கும். அதுவரை வட்டி சும்மா இருப்பதில்லை. 25 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் தொடக்கத்திலேயே முழுதாக வாங்கியதாக வைத்துக்கொண்டால், அந்த இரண்டு ஆண்டில் தனிவட்டியே 5 லட்சம். 30 லட்சத்தை 10 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 39,650 ரூபாய் வேண்டும். இடையிலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை சுமார் 33,000 ரூபாயாகக் குறையும். கட்டும் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தில் 8 ஆண்டு வரை விலக்கு உண்டு; பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். வீட்டையோ பட்டறையையோ அடகு வைத்த குடும்பங்களில் இந்தத் தவணைதான் பிள்ளை எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் போகும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு இந்தச் சுமை வெகுவாகக் குறைகிறது.

மனம் ஊருக்குத் திரும்பச் சற்றுக் காலம் பிடிக்கும். அமெரிக்காவில் படித்து வந்த நார்வே நாட்டவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் லிஸ்கார்டு, அயல்நாட்டில் ஒருவரின் மனநிலை முதலில் உற்சாகத்தில் தொடங்கி, நடுவில் தாழ்ந்து, பிறகு ஏறுகிறது என்று 1955-ல் எழுதினார். அமெரிக்கர்களான கலஹார்ன் தம்பதி 1963-ல் அதை நீட்டி, ஊர் திரும்பிய பிறகும் அதே சரிவு இன்னொரு முறை வருகிறது என்றார்கள். எல்லோருக்கும் இது அச்சுப்போலப் பொருந்தாது. ஆனாலும், வந்த முதல் மாதம் விருந்து, இரண்டாம் மாதம் எரிச்சல் என்பது பல வீடுகள் கண்டதுதான். ஓராண்டு தானே சமைத்து, தானே செலவுக் கணக்குப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் வெளியே போய்வந்தவர், தறிச் சத்தத்துக்கு நடுவே பழைய பிள்ளையாக உட்கார வேண்டியிருக்கிறது. “மறுபடி எப்பக் கண்ணு போறே?” என்று கேட்கும் உறவினர் பாசத்தில்தான் கேட்கிறார், கேட்கப்பட்டவருக்கு அது தோல்வியை நினைவூட்டுவதாகப் படுகிறது. பெண்களுக்குக் கூடுதலாக வரன் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

வேலை விஷயத்தில் இந்த வட்டாரத்துக்கு நல்ல முன்கதைகள் இருக்கின்றன. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பி, 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அவர் மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டுக் கம்யூனிஸ்டாகத் திரும்பினார். 1971-ல் மத்திய அமைச்சரானார். ஜமீன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கடன் தவணை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்து வந்தவர், சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தைத் தொடங்கினார். 1937-ல் ‘சதி அகல்யா’வும், 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ படமும் அங்கிருந்து வந்தன.

இன்றைய குமாரபாளையத்தில் சுந்தரம் படித்த படிப்புக்கே தேவை அதிகம். லுங்கி, துண்டு, சேலை நெய்யும் ஊருக்குச் சாயக் கழிவுநீர் தீராத தலைவலி. காவிரி பக்கத்திலேயே ஓடுகிறது. 2024-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், துணி எதில், எப்படி உருவானது என்ற விவரத்தை டிஜிட்டல் பதிவாகக் கேட்கும் காலத்தைக் கொண்டுவருகிறது. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா–பிரிட்டன் வணிக ஒப்பந்தம் இந்திய ஜவுளிக்கு அங்குள்ள சுங்க வரியை நீக்க வகை செய்கிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தரக்கட்டுப்பாடு, ஏற்றுமதி ஆவணம் ஆகியவற்றைப் படித்து வருகிறவர்களுக்குச் சென்னை, பெங்களூருவில் கிடைக்கும் சம்பளத்தை ஒரு தனிப் பட்டறையால் கொடுக்க முடியாது. பத்துப் பட்டறைக்காரர்கள் சேர்ந்தால் முடியும். உள்ளூர்ச் சங்கங்கள் அப்படி ஓர் ஆளை அமர்த்திப் பார்க்கலாம்.