இணைப்புத் தரவு வரைபடங்களில் பொருளொப்புமை

இணைப்புத் தரவு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் மூவுறுப்புக் கூற்றுகளால் ஆனது. வரைபடத்தில் எழுவாயும் செயப்படுபொருளும் முனைகளாகவும், பயனிலை அவற்றை இணைக்கும் அம்புக்கோடாகவும் அமையும். கிராஃப்விஸ் போன்ற கருவிகள் முனைகளுக்குத் தாமே இடம் வகுக்கின்றன. அவ்விட அமைப்பிற்குப் பொருளேதுமில்லை. பொருள் கோட்டின் பெயரிலேயே உள்ளது.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2009இல் பரிந்துரைத்த ஸ்காஸ் நெறி, முற்றொப்பு, அண்மையொப்பு, விரிபொருளொப்பு முதலியனவாக உறவுகளைப் பகுக்கிறது. இவற்றுள் முற்றொப்பு தொடர்ந்து செல்லும் இயல்பினது. அ, ஆவுக்கும் ஆ, இவுக்கும் முற்றொப்பாயின் அ, இவுக்கும் முற்றொப்பாகும். 'தாய்மாமன்', 'சித்தப்பா' ஆகிய இரண்டிற்கும் ஆங்கில 'அங்கிள்' விரிபொருளே. அதனை முற்றொப்பு எனக் குறித்துவிட்டால் தாய்மாமனும் சித்தப்பாவும் ஒரே கருத்தாகிவிடுவர். பெயரில்லாக் கோடு இப்பிழையைக் கண்ணுக்குப் புலப்படாமல் மறைக்கும். தாய்மாமன் மகள் மணமுறையினள், சித்தப்பா மகள் உடன்பிறந்தாள் முறையினள் என்னும் தமிழ் வேறுபாடும் அத்துடன் அழியும்.