சூனியக்காரி பாட்டு செய்தியான கதை

மார்கரெட் தாட்சரைப் பெயர் சொல்லிப் பாடும் பாட்டுகள் அவர் பிரிட்டன் பிரதமரான 1979-லேயே வரத் தொடங்கிவிட்டன. 1980-இல் தி பீட் குழு அவரைப் பதவி விலகச் சொல்லிப் பாடியது. 1988-இல் பாடகர் மாரிஸி அவரைக் கில்லட்டின் மேடையில் ஏற்றினார். 1989-இல் எல்விஸ் காஸ்டெல்லோ அவருடைய கல்லறை மண்ணை மிதிக்கும் நாளுக்காகக் காத்திருந்தார். பெயர் சொல்லாமல் குத்திய பாட்டுகளும் உண்டு. நகரங்களில் கலவரம் வெடித்த 1981 ஜூலையில் முதலிடத்தில் இருந்த ‘கோஸ்ட் டவுன்’ அந்த வகை. வேலையில்லாத இளைஞர்களும் மூடிக்கிடந்த கேளிக்கை விடுதிகளும்தான் அதன் பொருள். ஆனால் 2013-இல் தாட்சர் இறந்தபோது பிபிசியைத் திணறடித்தது இவற்றில் எதுவும் இல்லை. அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய சினிமாப் பாட்டு அது.

எந்தப் பாட்டு?

‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் வரும் ‘டிங் டாங்! தி விட்ச் இஸ் டெட்’. சூறாவளியில் பறந்துவந்த வீடு ஒரு சூனியக்காரியின் மேல் விழுகிறது. வீட்டுக்கு அடியிலிருந்து அவள் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, ஊர்க்காரர்கள் கூடி ஆடிப்பாடுகிறார்கள். படம் வந்த 1939 ஆகஸ்டில் தாட்சருக்கு வயது 13. அவரை மனத்தில் வைத்து எழுதிய பாட்டு என்று சொல்பவர்கள் இந்த ஒரு கணக்கைப் பார்த்தால் போதும். பாட்டை எழுதிய யிப் ஹார்பர்க் இடதுசாரிச் சார்பினர். 1950-களில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் சிக்கி வாய்ப்பு இழந்தவர்.

74 ஆண்டுப் பாட்டு எப்படிப் பட்டியல் ஏறியது?

பிரிட்டனின் ‘அதிகாரபூர்வ’ பாடல் பட்டியலில் அரசுக்குப் பங்கு எதுவும் இல்லை. இசை நிறுவனங்களும் விற்பனையாளர்களும் கூட்டாக நடத்தும் ஒரு நிறுவனம் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் அது. நாடு அந்த வாரம் எதை விரும்பிக் கேட்டது என்பதைப் பட்டியல் காட்டுவதாகச் சொல்லப்படும். உண்மையில் அது அப்போது எண்ணியது விற்பனையை மட்டும். ஆசைப்பட்டு வாங்கினாலும் வெறுப்பில் வாங்கினாலும், வாங்கியவர் பாட்டைக் கேட்காமலே விட்டாலும், கணக்கில் அது ஒன்றுதான்.

பழைய பாட்டு பட்டியல் ஏற 2007 ஜனவரி வரை ஒரு தடை இருந்தது. கடையில் தட்டாக வெளிவராத பாட்டுக்கு இணையப் பதிவிறக்கம் எவ்வளவு இருந்தாலும் பட்டியலில் இடமில்லை. எந்தப் பாட்டு போட்டியில் இருக்கும் என்பதை அதனால் இசை நிறுவனங்களே முடிவு செய்தன. அந்த விதி நீங்கியதும் விற்பனைத் தளத்தில் இருக்கும் எந்தப் பழைய பாட்டும் எந்த வாரமும் போட்டிக்கு வரலாம் என்றானது. 2009 கிறிஸ்துமஸில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் 17 ஆண்டுப் பழைய பாட்டை ஃபேஸ்புக் பிரசாரம் ஒன்று முதலிடத்தில் உட்காரவைத்தபோதே இந்த ஓட்டை ஊரறிந்தது.

தாட்சர் விஷயத்தில் பிரசாரம் அவர் உயிரோடு இருந்தபோதே தயாராகிவிட்டது. அவர் இறந்த வாரத்தில் எல்லோரும் இந்தப் பாட்டை வாங்க வேண்டும் என்பதுதான் திட்டம். 2013 ஏப்ரல் 8, திங்கட்கிழமை அவர் காலமானார். அன்றைய பட்டியல் வாரம் ஞாயிறு தொடங்கிச் சனி நள்ளிரவில் முடியும். ஆக, கையில் ஆறு நாள் இருந்தது. அதற்குள் 52,605 பிரதிகள் விற்றன. ஒரு பதிவிறக்கத்தின் விலை ஒரு பவுண்டுக்கும் குறைவு. 53,000 பவுண்டைக்கூடத் தொடாத செலவில் பாட்டு 2-ஆம் இடத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்துப் பட்டியலில் முதலிடம். வெறுப்பில் கொடுத்த காசும் பாட்டின் உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கும் விற்ற தளத்துக்கும்தான் போனது.

பிபிசி தடை செய்ததா?

இல்லை என்பது பிபிசியின் பதில். அந்தப் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பிபிசி ரேடியோ 1-இன் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் நிகழ்ச்சி ஏப்ரல் 14 அன்று வந்தது. இறுதிச் சடங்கு 17-ஆம் தேதி. ஒலிபரப்பினால் துக்க வீட்டை அவமதித்ததாகும், விட்டுவிட்டால் தணிக்கை ஆகும். பிபிசி தலைமை இயக்குநர் டோனி ஹால் பிரசாரம் அருவருப்பானது என்றார். பாட்டைத் தடை செய்வது தவறு என்றும் சொன்னார். கடைசியில் 51 நொடிப் பாட்டிலிருந்து சுமார் 5 நொடி மட்டும் ஒலித்தது. அதுவும் தனிப்பாட்டாக இல்லாமல், இது ஏன் பட்டியலில் இருக்கிறது என்று ஒரு செய்தியாளர் விளக்கும் செய்தித் துணுக்கின் நடுவே.

தந்திரம் இந்த இடத்தில்தான். பாட்டாக ஒலித்தால் அது கொண்டாட்டம்; செய்திக்குள் ஒலித்தால் அது தகவல். பாட்டின் வகையை மாற்றியதால் ‘தடை’ என்ற சொல்லுக்கே வேலையில்லாமல் போனது. ஆனால் பட்டியல் நிகழ்ச்சியில் ஒரு பாட்டுக்கு இடம் உண்டா என்பதை வழக்கமாக எண்ணிக்கைதான் தீர்மானிக்கும். அந்த வாரம் அதை வாங்கியவர்களின் நோக்கம் தீர்மானித்தது. நோக்கத்தைப் பார்க்கமாட்டோம் என்பது பட்டியலின் விதி. நோக்கத்தைப் பார்த்தோம் என்பது ஒலிபரப்பின் நியாயம். பட்டியல் ஒரு வரலாற்றுப் பதிவு என்று சொன்ன அதே நிர்வாகம், பதிவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வாசித்துக் காட்டியது.

தாட்சர் ஆதரவாளர்கள் என்ன செய்தார்கள்?

‘ஐம் இன் லவ் வித் மார்கரெட் தாட்சர்’ என்ற 1979 பங்க் பாட்டை எதிர்ப்பாட்டாக வாங்கி 35-ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள், அதுவும் கேலிப்பாட்டுதான்.

இறந்தவரை இழிவுபடுத்தினால் வழக்கு உண்டா?

இங்கிலாந்துச் சட்டத்தில் இறந்தவர் சார்பில் அவதூறு வழக்குத் தொடர முடியாது.

தேர்தல் நேரத்தில் என்ன விதி?

ஒலிபரப்பில் நடுநிலை கட்டாயம். அதைக் காரணம் காட்டித்தான் 2017 தேர்தலுக்கு முன் 4-ஆம் இடம் பிடித்த, அப்போதைய பிரதமர் தெரசா மேக்கு எதிரான பாட்டை பிபிசி ஒலிபரப்பவில்லை.

இன்றும் இப்படிச் செய்ய முடியுமா?

முன்னைவிட எளிது. 2014 ஜூலை முதல் இணையத்தில் கேட்பதும் கணக்கில் சேர்ந்தது. தொடக்கத்தில் 100 முறை கேட்டால் ஒரு விற்பனை. பதிவிறக்கமோ ஒன்றுக்கு ஒன்றுதான். பெரும்பாலோர் வாங்குவதை நிறுத்திக் கேட்க மட்டும் செய்யும்போது, வேண்டுமென்றே வாங்கும் சிறு கூட்டத்தின் கை ஓங்குகிறது. அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சனைக் கெட்ட வார்த்தையில் திட்டிய பாட்டுகள் 2020, 2021 கிறிஸ்துமஸ் பட்டியல்களில் 5-ஆம் இடத்தைப் பிடித்தன.