தேக்குப் பெட்டியும் மழைக்காலமும்

விடுமுறை நாட்களில், ஓர் இழைப்புளியும் இரண்டு உளிகளும் ஒரு சிறு ரம்பமும் மட்டும் துணையாக, வீட்டுத் திண்ணையிலேயே ஒரு மரப்பெட்டி செய்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு முதன்முதல் பிறந்தபோது, நான்கு பலகைகளைச் சதுரமாக நிறுத்தி அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக ஆணி அடித்துவிட்டால் காரியம் தீர்ந்தது என்றே எண்ணியிருந்தேன். ஐப்பசி அடைமழையில் வெளியே செல்ல வழியின்றிக் கிடந்த நாட்களில் அந்தப் பெட்டி உருவாயிற்று. அடிப்பலகையின் நான்கு விளிம்புகளிலும் வச்சிரம் தடவி, நெருக்க நெருக்க ஆணி அறைந்து, இனி இது எக்காலத்தும் அசையாது என்ற மனநிறைவோடு அலமாரியில் வைத்தேன். பங்குனியில் வெயில் ஏறிய ஒரு பிற்பகல், அலமாரிக்குள்ளிருந்து சுள்ளி முறிவதைப் போல ஓர் ஓசை கேட்டது. எடுத்துப் பார்த்தால், அடிப்பலகையின் நடுவே, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, விரல் நகம் நுழையும் அகலத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த முதிய ஆசாரியிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் வெடிப்பைப் பார்க்கவில்லை. ஓரத்து ஆணிகளைத்தான் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “நாலு பக்கமும் கட்டிப்போட்டா அது எங்கே போகும் தம்பி? நடுவிலேதான் போகும்” என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள், மரத்தைப் பற்றிய பௌதிக சாஸ்திரத்தில் ஒரு பெரும் அத்தியாயமே அடங்கியிருந்தது என்பது பின்னால்தான் எனக்கு விளங்கிற்று.

மரம் என்பது, அடுக்கி ஒட்டிய எண்ணற்ற நுண்குழாய்களின் தொகுதி. உயிரோடு நிற்கும் மரத்தில், அக்குழாய்களின் உட்புழையில் தேங்கிய நீர் ஒன்று, குழாய்ச் சுவர்களுக்குள்ளேயே ஊறிப் பிணைந்திருக்கும் நீர் மற்றொன்று என நீர் இருவகைப்படும். வெட்டிச் சாய்த்த மரம் உலரத் தொடங்கும்போது முதலில் வெளியேறுவது புழையிலுள்ள நீர். அது போவதால் மரத்தின் எடை குறையுமேயன்றிப் பரிமாணம் குறைவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் என்ற அளவுக்கு ஈரம் இறங்கியபின், சுவருக்குள் இருக்கும் நீர் விலகத் தொடங்குகிறது. அந்தச் சுவர்கள் செல்லுலோஸ் என்னும் பொருளின் நுண்ணிழைகளால் ஆனவை. இழைக்கும் இழைக்கும் இடையே இருந்த நீர் போனதும் அவை நெருங்கி வருகின்றன, பலகை சுருங்குகிறது. காற்றில் ஈரம் மிகும்போது அதே நீர் அதே இடத்துக்குத் திரும்ப, பலகை மீண்டும் விரிகிறது. பலகையாகி நூறு ஆண்டு ஆனாலும் இந்தப் போக்குவரத்து நிற்பதே இல்லை.

ஆனால் இந்த விரிவும் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒருபடித்தானவை அல்ல. பெட்டி செய்பவனுடைய சங்கடமும் சாமர்த்தியமும் அங்கேதான் இருக்கின்றன. அந்த நுண்ணிழைகள் பெரும்பாலும் மரத்தின் நெடுக்கை ஒட்டியே ஓடுவதால், அவை நெருங்கினாலும் விலகினாலும் நீளம் மாறுவது அற்பமே. அகலம் அப்படியன்று. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும் வரை, தேக்கு தன் ஆண்டு வளையங்களின் போக்கில் சுமார் 5.8 சதவீதமும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் சுமார் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. மேல்நாட்டார் போற்றும் வெள்ளை ஓக் மரம் வளையப் போக்கில் 10 சதவீதத்துக்கு மேல் சுருங்கும் என்பதை நோக்க, தேக்கு எத்தனை அடக்கமான சுபாவம் உடையது என்பது தெரியும். 1840-களில் மலபார்க் கலெக்டராயிருந்த கானலியின் முயற்சியில், சாத்து மேனோனின் மேற்பார்வையில், நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்க்க முற்பட்டார்களே, கப்பல் கட்டுவோர் அந்த மரத்தை அவ்வளவு விரும்பியதற்கு இந்த அடக்கமும் ஒரு காரணம்.

அந்த அடக்கமான தேக்கே என் பெட்டியை வெடிக்கச் செய்தது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை ஒன்று, மழைக்காலத்தில் 16 சதவீத ஈரத்தோடு இருந்து, கோடையில் 10 சதவீதத்துக்கு உலர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வளையங்களின் போக்கில் அறுத்த பலகையானால் அது ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் குறுகும். ஆரத் திசையில் அறுத்ததானால் ஒன்றரை. மூன்றரை மில்லிமீட்டர் என்ன பிரமாதம் என்று தோன்றலாம். ஆணியும் வச்சிரமும் அந்த மூன்றரையை மறுக்கும்போது, நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள பிடிப்பு எங்கே நலிந்திருக்கிறதோ அங்கே பலகை பிளந்து, தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது.

பக்கப் பலகைகள் நான்கும் ஏன் வெடிக்கவில்லை? அவற்றின் நார் பெட்டியைச் சுற்றிலும் கிடையாக ஓடுகிறது, ஆகவே நான்கும் உயரத்தில் மட்டும், ஒன்றாகவே கூடி ஒன்றாகவே குறைகின்றன, சுற்றளவு மாறுவதில்லை. மூலைகளில் சச்சரவுக்கு இடமில்லை. புறாவின் வாலைப் போல விரிந்த பற்களை ஒரு பலகையின் முனையில் செதுக்கி, மற்றதன் முனையில் அதற்கேற்ற பள்ளங்களை வெட்டிக் கோத்துவிடும் மூட்டு, பண்டை எகிப்தியர் கல்லறைகளில் வைத்த மரச்சாமான்களிலேயே காணப்படுவது. இன்றும் பெட்டிக்கு அதனினும் சிறந்த மூலை இல்லை என்பது என் துணிபு. பலகையின் வெட்டுமுகம் திறந்த குழாய்வாய்களாக இருப்பதால் பசையைக் குடித்துவிடும், பிடிக்காது. புறாவால் மூட்டிலோ நாரின் பக்கமும் நாரின் பக்கமும் பல இடங்களில் சந்திக்கின்றன. அங்கே பசை நன்றாகப் பற்றும். பசை விட்டுப்போனாலும், விரிந்த வால் ஒரு திசையில் கழலவே கழலாது. தேக்கு போன்ற கடின மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்ற சரிவு போதும். சரிவு கூடினால் வாலின் ஓரத்து நார் குட்டையாகி முனை உடைந்துபோகும்.

இந்த மூட்டை வெட்டுகையில் கண்ணைவிடக் காது அதிகம் உதவுவதை நான் அநுபவத்தில் கண்டேன். பென்சில் கோடு தடிமனானது. ஆகையால் கத்தி முனையால் கீறி, கோட்டுக்கு வெளியே, கழிவுப் பக்கத்தில் ரம்பம் பிடித்து, மீதியை உளியால் பாதி இப்புறமும் பாதி அப்புறமுமாக எடுத்தபின், இரு பலகைகளையும் பொருத்திக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால், முதலில் ‘டொக் டொக்’ என்று உள்ளீடற்ற ஒலியாக வரும். மூட்டு முற்றும் இறங்கி அமர்ந்த கணத்தில் அது ‘தம்’ என்று தணிந்துவிடும். அதற்குமேல் ஓர் அடியும் கூடாது.

தேக்கின் உடம்பில் மணற்சத்து கலந்திருப்பதால், கருவியின் முனை விரைவில் மழுங்கும்; அடிக்கடி சாணைக்கல்லுக்குப் போக வேண்டும். கூர் ஏறிற்றா என்று அறிய விளக்கடியில் முனையை நேரே பார்த்தால் போதும்: மழுங்கிய முனை வெள்ளிக்கோடு போல் ஒளியைத் திருப்பும்; கூரிய முனையில் பார்ப்பதற்கு ஒன்றுமே இராது. நாரின் போக்குக்கு எதிராக இழைத்தால், அலகுக்கு முன்னாலேயே நார் பிளந்து பலகைக்குள் இறங்கி, மேற்பரப்பு பெயர்ந்து வரும். அலகின்மேல் படிந்திருக்கும் மேல்தகட்டை முனைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தொலைவில் நெருக்கி வைத்தால், சீவல் எழுந்தவுடனே மடிந்துவிடுவதால் பிளவு முன்னேற வழியின்றி நின்றுவிடுகிறது. தேக்கின் எண்ணெய்ப் பசை மேலே வந்து படிவதற்குள், இழைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும் என்பதும் ஆசாரி சொல்லித் தந்ததே.

என் இரண்டாவது பெட்டியில் அடிப்பலகைக்கு ஓர் ஆணியும் கிடையாது. நான்கு பக்கப் பலகைகளின் உட்புறத்திலும் காடி எடுத்து, அதற்குள் அடிப்பலகையைச் செருகி, அதன் இரு முனைகளிலும் நடுமத்தியில் மட்டும் ஒரு சொட்டு வச்சிரம் வைத்து, அகலவாட்டில் இருபுறமும் இரண்டு மில்லிமீட்டர் வெற்றிடம் விட்டிருக்கிறேன். தை மாதத்தில் ஒரு நாள், பலகை காடிக்குள் நுழையும் அந்த ஓரத்தை ஒட்டி, நுனி சீவிய பென்சிலால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வைத்தேன். சித்திரையில் பெட்டியைத் திறந்தபோது அக்கோடு காடியை விட்டு விலகி, நகக்கனம் உள்ளே தள்ளி நின்றது. ஐப்பசியில் நான்கு நாள் மழைக்குப் பின் பார்த்தேன். கோட்டைக் காணவில்லை, காடிக்குள் போயிருந்தது.