அமாவாசை அறியாத செயலி

கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் இன்னும் கால் மணி கூடுதலாகக் காரோட்டினால் கோல சிலாங்கூர் வந்துவிடும். கைப்பேசியில் கூகுள் மேப்ஸைத் திறந்து அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று தேடினால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கம்போங் குவாந்தான் மின்மினிகள், கடல் நடுவே ‘ஸ்கை மிரர்’ மணல்திட்டு, மெலாவாத்திக் குன்று, பாசிர் பெனாம்பாங் மீன் உணவகங்கள், இன்னும் வடக்கே போனால் செகிஞ்சான் வயல்கள். எல்லாவற்றுக்கும் நட்சத்திரங்கள் உண்டு, படங்கள் உண்டு. சனிக்கிழமை காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்படும் குடும்பத்துக்கு இது தாராளம். அதே பட்டியலைப் பார்த்துப் புறப்பட்ட மற்ற குடும்பங்களும் அதே ஐந்து இடங்களில்தான் முட்டிக்கொண்டு நிற்கும், அது வேறு கதை.

செயலியைப் பழிப்பதற்கில்லை. முன்பெல்லாம் அந்த ஊரில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இருந்தால்தான் இதில் பாதியாவது தெரியவரும். 2005-இல் வந்த கூகுள் மேப்ஸ், 2015-இல் ‘லோக்கல் கைட்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, படம் போடுகிறவர்களுக்கும் கருத்து எழுதுகிறவர்களுக்கும் புள்ளிகள் கொடுக்க ஆரம்பித்தது. ஆக, அந்தப் பட்டியலின் பெரும்பகுதி முன்பு போய்வந்தவர்கள் எழுதியது. ஆள் போகாத இடத்தைப் பற்றி எழுத ஆளில்லை. எழுதப்படாத இடத்துக்குப் போகவும் ஆளில்லை. வட சிலாங்கூரில் இந்தச் சுற்றுக்கு வெளியே நிற்பவை பெரும்பாலும் தோட்டங்கள்.

முதலில், பட்டியலில் இருப்பவற்றையே பார்ப்போம். மெலாவாத்திக் குன்றுக்குப் போகிறவர்களில் பலர் வெள்ளி நிற லங்கூர் குரங்குகளோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஆரஞ்சு நிறக் குட்டியைக் கருநிறத் தாய் அணைத்திருக்கும் காட்சி யாரையும் நிறுத்தும், உண்மைதான். ஆனால் அந்தக் குன்றின் கோட்டையை 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ‘ஆல்டிங்ஸ்பர்க்’ என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டுவிட்டார். 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கம் இன்றும் அந்த டச்சுப் பெயரைச் சுமந்து நிற்கிறது. குன்றின் அடிவாரத்தில் 1987 முதல் இயற்கைப் பூங்கா ஒன்று இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ‘இபேர்ட்’ செயலியைத் திறந்தால், அங்கே பறவை பார்ப்பவர்கள் பதிந்துவைத்த பட்டியலே கிடைக்கும். நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்தது ஸ்கை மிரரும் மின்மினியும். செயலி இரண்டையும் ஒரே திரையில் காட்டும். எப்போது போவது என்ற கேள்வியில்தான் கைவிடும். ஸ்கை மிரர் எப்போதும் இருக்கிற இடமே அல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில் கடல் மிகத் தாழ இறங்கும்போதுதான் அந்த மணல்திட்டு தலைகாட்டும். அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் தேங்கி நிற்க, வானம் காலடியில் தெரியும். மற்ற நாளில் போனால் கடல்தான். மின்மினிக்கோ வேறு கணக்கு. சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஆண் பூச்சிகள் ஒரே தாளத்தில் ஒளிவிடுவதைக் காண நல்ல இருட்டு வேண்டும். நிலவு கொட்டும் இரவில் போய்விட்டு வந்தவர் ஏமாற்றத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டால், அது பூச்சியின் குற்றம் ஆகுமா?

ஆக, பௌர்ணமியில் ஸ்கை மிரர் கிடைக்கும், மின்மினி மங்கும். அமாவாசையை ஒட்டிப் போனால், மழை கெடுக்காவிட்டால், பகலில் அதுவும் இரவில் இதுவும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். கடல் ஏற்றவிறக்கம் காட்டும் தனிச் செயலிகள் இருக்கின்றன. அதைவிட எளிது, மளிகைக் கடையில் கொடுத்த தமிழ் நாள்காட்டி. தைப்பூசத்துக்கும் விரதத்துக்கும் மட்டும் அதைப் புரட்டுகிறவர்கள் இதற்கும் ஒருமுறை புரட்டலாம். கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் சம்பானில் ஏறியபிறகு கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். திரை வெளிச்சமும் ஃபிளாஷும் அந்தப் பூச்சிகளுக்குத் தொல்லை. எந்தக் கருவியால் அந்த இடம் தெரிந்ததோ அதை அணைத்தால்தான் இடமே கண்ணுக்குத் தெரியும்.

செகிஞ்சான் கதையும் இதே. வயலில் ஆண்டுக்கு இரண்டு போகம். செயலியின் படங்களில் எப்போதும் பச்சைதான். அறுவடை முடிந்த வாரத்தில் போனால் சேறும் தாளும்தான் வரவேற்கும். படத்துக்கு அடியில் இருக்கும் தேதியைப் பாருங்கள், போதும்.

இனி, பட்டியலில் இல்லாதவை. 2011-இல் திறக்கப்பட்ட லாத்தார் நெடுஞ்சாலை வழியாகத்தான் வேஸ் செயலியும் கூகுளும் பெரும்பாலும் அனுப்பும். நேரம் மிச்சம், டோல் செலவு. ஆனால் பழைய உள்சாலைகள் வழியே பெஸ்தாரி ஜெயாவுக்குப் போனால் இருபுறமும் செம்பனை. பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007-இல்தான் வந்தது. அங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது 1917-இல், இந்தத் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத் துரையாக இருந்தவர், பிறகு மலாயா வாழ்க்கையை வைத்து ‘மலேசி’ என்ற நாவலை எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். இன்று செம்பனை எண்ணெய் உற்பத்தியில் மலேசியா உலகில் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. அதன் தொடக்கம், தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு தோட்டத்தில். வேறு நாடாக இருந்தால் டிக்கெட் போட்டுக் காசு பார்த்திருப்பார்கள். செயலியிலோ அது ஒரு தொழில் முகவரிக்குமேல் பெரிதாக எதுவும் இல்லை.

கொஞ்சம் தெற்கே பத்து ஆராங். 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டிய ஊர். 1937-இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் பிரிட்டிஷ் அரசையே ஆட்டியது. பழைய செங்கல் புகைபோக்கிகளை இன்றும் பார்க்கலாம்.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்திலேயே மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று ஐந்து தோட்டங்கள். நிலம் கைமாறிய பிறகு சொந்த வீடு கேட்டு அந்தத் தொழிலாளர் குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடின. 2023-இல்தான் வீட்டுத் திட்டத்துக்கு அடிக்கல் விழுந்தது. செயலியில் புக்கிட் தாகார் என்று தேடிப் பாருங்கள். கோலாலம்பூரின் குப்பை போய்ச் சேரும் நிலம்தான் பெரும்பாலும் கண்ணில் படும். அங்கே பால்மரம் சீவியவர்களுக்கு அது பிறந்த மண்.

எல்லாத் தமிழ் இடங்களும் மறைந்துகிடக்கின்றன என்றும் சொல்லிவிட முடியாது. புக்கிட் ரோத்தானில் 2013-இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ சக்தி தேவஸ்தானம், ஐம்பத்தொரு சக்தி பீடங்களின் அம்மன் வடிவங்களோடு வெளிநாட்டுப் பயணிகளையும் இழுக்கிறது. அதற்குக் கருத்துகளும் படங்களும் குவிந்திருக்கின்றன. ஆனால் தோட்டத்து மாரியம்மனுக்கும் எல்லை முனியாண்டிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆண்டுக்கு ஒரு திருவிழா. அன்று பழைய தோட்டத்து ஆட்கள் கிள்ளானிலிருந்தும் ரவாங்கிலிருந்தும் வந்து கூழ் ஊற்றிவிட்டுப் போவார்கள். செயலியில் அது வெறும் ‘இந்து கோயில்’, பல சமயம் அதுவும் இருக்காது.

இவற்றைத் தேட ஒரு வழி உண்டு. குத்தி வைத்த குறிகளை விட்டுவிட்டு, வரைபடத்தைச் சாட்டிலைட் காட்சிக்கு மாற்ற வேண்டும். வரிசை வரிசையாகச் செம்பனைத் தலைகள் தெரியும். நடுவே ஒரு செவ்வக வெளி வந்தால் அது பழைய திடலாக இருக்கலாம். பக்கத்தில் சின்னக் கூரை, கோயில். நீளமான தகரக் கூரைகள் வரிசையாக இருந்தால் லயம், அதாவது தொழிலாளர் குடியிருப்பு. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களையும் பார்க்கும் வசதி 2024 முதல் கைப்பேசியிலும் இருக்கிறது. ஆண்டைப் பின்னால் தள்ளினால், சில இடங்களில் இடித்துத் தள்ளிய லயங்கள் திரும்ப முளைக்கும். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு நடந்த இடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை எல்லாம் அவர் விரல் நுனியில் வரும். எந்தச் செயலியிலும் அது கிடையாது.

தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களும் நல்ல தடயம். தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ என்ற மலாய்ச் சொல்லைத் தட்டினால் வரும் பள்ளிகளில் பல, தோட்டம் போன பிறகும் அதன் பெயரை விடாதவை. பெட்டாலிங் ஜெயாவின் பண்டார் உத்தாமா அடுக்குமாடிகளுக்கு நடுவே எஃபிங்ஹாம் தோட்டத் தமிழ்ப்பள்ளி நிற்பது அப்படித்தான். வட சிலாங்கூரில் கோல்ஃபீல்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் அந்தப் பக்கத்து நிலக்கரி இன்னும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தோட்டச் சாலைகள் தனியார் நிலம். குறுக்கு வழி என்று செயலி காட்டியதை நம்பிப் போய் இரவில் செம்பனைக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை மலேசிய நாளிதழ்களில் அவ்வப்போது வரும். உள்ளே சிக்னலும் சரியாக இருக்காது. வரைபடத்தை முன்னதாகவே தரவிறக்கிக்கொண்டு, பகலில் போய், காவலாளியிடம் கோயிலுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போவதே மரியாதை.

திருவிழாவுக்குப் போகும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். கூகுள் மேப்ஸில் விடுபட்ட இடத்தை யார் வேண்டுமானாலும் சேர்க்கக் கோரலாம். 2004-இல் பிரிட்டனில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தனியாகவே பதியலாம். இந்த ஆண்டு கூழ் குடித்துவிட்டு வரும்போது, ‘இந்து கோயில்’ என்று கிடப்பதைத் திருத்தி, அம்மன் பெயரையும் தோட்டத்தின் பழைய பெயரையும் தமிழில் எழுதிவிட்டு, திருவிழா எந்த மாதம் என்பதையும் சேர்த்துவிட்டு வாருங்கள்.