பின்னல் ஊசியும் கை விறைப்பும்

குளிர்காலம் தொடங்கினால் எமது அம்மாமார் பேரப்பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னத் தொடங்குவார்கள். தனிமையான மாலைகளுக்கு அது நல்ல துணை. ஆனால் சிலர் சத்தமின்றி ஊசிகளை அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். கேட்டால், "வயசு போட்டுது, கை விறைக்குது" என்பார்கள். வயதைக் குறை சொல்லுமுன் ஊசியைப் பார்ப்போம்.

உலோக ஊசி குளிர்ந்தது, வழுக்கும். மூங்கில் ஊசி பாரம் குறைந்தது; இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. பெரிய போர்வைக்கு வட்ட ஊசி நல்லது. பாரம் மடியில் தங்கும். குரோஷே பின்னுபவர்கள் தடித்த பிடியுள்ள கொக்கி ஊசியை வாங்கலாம். தொடங்குபவர்களுக்கு 4 முதல் 5 மி.மீ. வரை பொருத்தம். இலக்கத்தை நம்ப வேண்டாம்: பழைய பிரித்தானிய அளவில் 8 என்பது 4 மி.மீ., அமெரிக்க அளவில் 5 மி.மீ. பருத்தி நூல் இழுபடாது, கையைக் களைப்பாக்கும்; கம்பளி நூல் இலகு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கு ஓய்வு கொடுங்கள்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து இரவில் நித்திரை குழம்பினால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கலாம். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு உள்ளவர்களிடம் இதை அதிகம் காண்கிறோம். ஆரம்பத்தில், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியை இரவில் அணிவதே பலருக்குப் போதும். கையிலிருந்து பொருட்கள் நழுவினாலோ, பெருவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ வைத்தியரிடம் செல்லத் தாமதிக்காதீர்கள். பிந்தினால் நரம்பு முழுமையாகத் தேறாமல் போகலாம்.

அம்மா பின்னுவதை நிறுத்திவிட்டாரா? ஏன் என்று ஒருமுறை கேளுங்கள்.