ஒரே மூட்டு ஆபரேஷன்... பில் 15,000 டாலரா, 1,10,000 டாலரா? அரசு ஊழியர் காப்பீட்டில் கலிஃபோர்னியா போட்ட கணக்கு!

தேய்ந்துபோன மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தும் ஆபரேஷன் அது. ஒரு மருத்துவமனை அதற்கு 15,000 டாலர் வாங்கியது. அதே மாநிலத்தில் இன்னொரு மருத்துவமனை 1,10,000 டாலர் வாங்கியது. அதிகப் பணம் வாங்கிய இடத்தில் சிகிச்சை மேலாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை!

இந்த வித்தியாசத்தைக் கண்டு விழித்துக்கொண்டது 'கால்பெர்ஸ்'. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசு ஊழியர்களுக்கான ஓய்வூதிய அமைப்பு இது. ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், அவர்களின் குடும்பத்தினர் என அப்போது சுமார் 13 லட்சம் பேரின் மருத்துவக் காப்பீட்டையும் இதுதான் கவனித்தது.

பில் எவ்வளவு வந்தாலும் பெரும்பகுதியைக் காப்பீடு கட்டிவிடும் என்பதால், விலையைப் பற்றி நோயாளி கேட்கவே இல்லை. கேட்க ஆள் இல்லாததால் மருத்துவமனைகளும் குறைக்கவில்லை.

2011 ஜனவரியில் கால்பெர்ஸ் ஒரு கோடு போட்டது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு மருத்துவமனைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 டாலர்தான் தரப்படும். அன்றைய மதிப்பில் சுமார் 13.5 லட்சம் ரூபாய். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டாலரும் நோயாளியின் பாக்கெட்டிலிருந்துதான்.

உதாரணமாக, பில் 45,000 டாலர் என்றால் கூடுதலான 15,000 டாலரை நோயாளியே கட்ட வேண்டும். வழக்கமாக அவர் செலுத்தும் பங்குத்தொகை இதில் சேராது, அது தனி.

கேட்பதற்கு, செலவைத் தூக்கி நோயாளி தலையில் கட்டுவது போலத்தானே இருக்கிறது? இதோடு நிறுத்தியிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். வலியோடு நடக்க முடியாமல் இருப்பவர், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி விலை விசாரிக்க முடியுமா என்ன?

அதனால், 30,000 டாலருக்குள் ஆபரேஷன் செய்யும் 40-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளின் பட்டியல் முன்கூட்டியே உறுப்பினர்கள் கையில் கொடுக்கப்பட்டது. தரத்தையும் பார்த்துத்தான் அந்த மருத்துவமனைகள் தேர்வு செய்யப்பட்டன. அப்படியொரு மருத்துவமனை 50 மைல் சுற்றளவில் இல்லாதவர்களுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு தரப்பட்டது. திட்டத்தின் உயிர்நாடியே இந்தப் பட்டியலும் விலக்கும்தான். இவை இல்லாமல் வரம்பை மட்டும் காப்பியடித்தால், அது வெறும் சலுகைக் குறைப்பு.

பலன் ஒரே ஆண்டில் தெரிந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபின்சன், டிமோதி பிரவுன் ஆகியோர் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, விலை குறைந்த மருத்துவமனைகளுக்குச் சென்ற கால்பெர்ஸ் நோயாளிகள் 21.2 சதவிகிதம் கூடினார்கள். விலை அதிகமான இடங்களில் 34.3 சதவிகிதம் குறைந்தார்கள்.

சுவாரஸ்யம் அதற்குப் பிறகுதான். நோயாளிகள் கைநழுவிப் போவதைப் பார்த்த காஸ்ட்லி மருத்துவமனைகள் இறங்கி வந்தன. அங்கே விலையும் சராசரியாக 34.3 சதவிகிதம் சரிந்தது. யாரும் சட்டம் போட்டு அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்த ஓர் ஆண்டில் கால்பெர்ஸுக்கு மிச்சமான தொகை 28 லட்சம் டாலர். நோயாளிகளின் பங்கிலும் 3 லட்சம் டாலர் குறைந்தது.

ஆனால், ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் மருத்துவச் செலவு பார்க்கும் அமைப்புக்கு இது பெரிய தொகை அல்ல. காரணம், இந்த வழி எல்லாச் சிகிச்சைக்கும் ஒத்துவராது. மூட்டு ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளிப்போட்டு நிதானமாக இடம் தேடலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறுபவர் பட்டியலையா புரட்டுவார்?

எனவே, காத்திருக்க முடிந்த சிகிச்சைகளை மட்டும் 2012-ல் கால்பெர்ஸ் சேர்த்துக்கொண்டது. மருத்துவமனையில் செய்துகொண்டால் கண்புரை ஆபரேஷனுக்கு 2,000 டாலர், பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையான கொலோனோஸ்கோபிக்கு 1,500 டாலர், நுண்துளை வழி மூட்டு ஆபரேஷனுக்கு 6,000 டாலர் என வரம்பு. அன்றே வீடு திரும்பும் தனி அறுவை சிகிச்சை மையங்களுக்குப் போனால் வரம்பே கிடையாது. அங்கே பில் ஏற்கெனவே குறைவு என்பதுதான் காரணம். கொலோனோஸ்கோபியில் மட்டும் இரண்டு ஆண்டுகளில் 70 லட்சம் டாலர் மிச்சமானது. சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள் அதிகரிக்கவில்லை என்பதும் ஆய்வில் தெரியவந்தது.