எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க: சீதாப்பூர் பெண்கள் சொல்லும் வழி



தீர்மானப் புத்தகம் எழுதுவது நமக்குப் புதிதில்லை. வந்தவர்கள் எத்தனை பேர், சேமிப்பு எவ்வளவு, யாருக்குக் கடன், எதுக்காக என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். "மருத்துவச் செலவு" என்று இரண்டே வார்த்தையில் எழுதிய கடனுக்குப் பின்னால் ஒரு வீட்டின் முழுக் கதையே இருக்கும். அது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அப்படிப்பட்ட கதையைத் தாங்களே எழுதி, எழுத எழுதத் தங்களுக்குள் படித்துக் காட்டி, கடைசியில் புத்தகமாகவும் கொண்டுவந்த பெண்களைப் பற்றி இந்த முறை சொல்கிறோம்.

உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்கு அடுத்த மாவட்டம் சீதாப்பூர். அங்கே கிராமங்களில் பெண்களைத் திரட்டும் வேலை பார்த்த ஏழு களப்பணியாளர்கள், மாவட்ட அளவில் அவர்களோடு வேலை செய்த ரிச்சா சிங், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ரிச்சா நாகர், ஆக ஒன்பது பேர் 2002-ம் ஆண்டில் இந்த எழுத்து வேலைக்காக ஒன்றுகூடினார்கள். அவர்களுடைய அமைப்பின் பெயர் 'சங்க்தின்'. அவதி மொழியில் அதற்கு, சுகதுக்கத்தில் கூடவே நிற்கிற தோழி என்று அர்த்தம். நம்ம பக்கம் சேக்காளி என்று சொல்வோமே, அதுதான். எல்லோரும் ஒரே சாதி இல்லை, ஒரே மதமும் இல்லை.

சின்ன வயசு, வயசுக்கு வந்த காலம், கல்யாணம், பிள்ளைப்பேறு, வெளியே வேலைக்குக் கிளம்பியது என்று ஒவ்வொன்றாக ஆளாளுக்கு டைரியில் எழுதினார்கள். பிறகு கூடி உட்கார்ந்து படித்தார்கள். அழுகையும் வந்தது, வாக்குவாதமும் வந்தது. வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் அடைந்து கிடந்த மேல்சாதிப் பெண்ணின் துக்கமும், பசியோடும் தீண்டாமையோடும் வளர்ந்த தலித் பெண்ணின் துக்கமும் ஒன்றா? நம் குழுக்களில் இந்தக் கேள்வி வந்தால் "சாதிப் பேச்சு வேண்டாம்" என்று மூடிவிடுவதுதான் வழக்கம். அவர்கள் மூடவில்லை. அதனால்தான் அந்த எழுத்தில் உயிர் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

எழுதி முடிக்காததை எதற்கு அடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று நீங்க கேட்கலாம். ஒரு அக்கா இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: "கல்யாணம் ஆச்சு. மூணு வருஷம் கழிச்சு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன்." எழுதியவருக்கு இது போதும். அந்த மூணு வருஷமும் அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. கேட்கிறவருக்கு அங்கே ஒரு பள்ளம்தான் தெரியும். "அந்த மூணு வருஷம் என்னக்கா நடந்துச்சு?" என்று ஒருத்தர் கேட்டால், அவருக்கு விருப்பம் இருந்தால், அடுத்த மாதம் அந்த இடத்தை எழுதிக்கொண்டு வருவார். முடித்து அச்சடித்த பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்? கேட்கிறவர்களும் "நல்லா இருக்கு" என்று சும்மா சொல்லக் கூடாது. எந்த இடத்தில் மனசு நின்றது, எந்த இடம் விளங்கவில்லை என்று சொன்னால் போதும். எழுத்துப்பிழை பார்க்கும் வேலை அப்போது வேண்டவே வேண்டாம். பிழையைச் சொன்னால் ஐந்தாவதோடு நின்றவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்.

எழுதத் தெரியாதவர் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். ஆனால் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். எழுதியதை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டி, "ஆமா, இதான்" என்று அவர் சொன்ன பிறகுதான் அது அவருடைய எழுத்து.

சீதாப்பூர் எழுத்து 2004-ல் 'சங்க்தின் யாத்ரா' என்று இந்தியில் புத்தகமாக வந்தது. யாருடைய வாழ்க்கை எது என்று பிரித்துக் காட்டாமல் இருக்க, டைரிகளில் வேறு பெயர்கள் வைத்தார்கள். பல இடங்களில் "நாங்கள்" என்றே எழுதினார்கள். தங்கள் குடும்பத்தைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் பெரிய பிரச்சினை வந்திருக்காது. கிராமத்தில் அலைகிறவர் ஒருவர், அதை அறிக்கையாக எழுதிப் பெயர் வாங்குகிறவர் வேறொருவர் என்று தொண்டு நிறுவனங்களின் மேல்கீழ் பற்றியும் கேட்டுவிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்த திட்டத்திலிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பலர் ஆதரவாகக் கடிதம் எழுதினார்கள். 2006-ல் 'ப்ளேயிங் வித் ஃபயர்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் புத்தகம் வந்தது. தொண்டு நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு உறைக்கிற கேள்விதான் அது. 'வெற்றிக் கதை' என்று வருகிற பக்கங்களில் வாழ்ந்தவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர்தானே?

பிறகு அவர்கள் எழுத்தோடு நிற்கவில்லை. விவசாயிகளையும் கூலி வேலை செய்கிறவர்களையும் சேர்த்து, 'சங்க்தின் கிசான் மஸ்தூர் சங்கட்டன்' என்ற சங்கமாக வளர்ந்து, வாய்க்கால் தண்ணீருக்கும் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வேலைக்கும் கூலிக்கும் போராடினார்கள். 'ஹமாரா சஃபர்' என்று சொந்தமாக ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள்.

நம் கூட்டமைப்பில் இதை ஆரம்பிக்க நினைப்பவர்கள் ஆறேழு பேராகச் சேர்ந்தால் போதும். சேமிப்பு, கடன் பேசும் கூட்டத்தோடு இதைச் சேர்க்க வேண்டாம், தவணை பாக்கி இருக்கும் நாளில் யாருக்கும் வாய் திறக்காது. நோட்டு எழுதியவரிடமே இருக்கட்டும். வீட்டில் வைத்தால் ஆபத்து என்றால், நம்பிக்கையான ஒரு தோழியிடம் கொடுத்து வைக்கலாம். கேட்ட கதை வெளியே போகக் கூடாது, சம்மதம் இல்லாமல் நம் செய்திமடலிலும் வராது. எழுதும்போது அடி உதை விஷயம் வந்து, அது இப்போதும் நடக்கிறது என்று தெரிந்தால், எழுத்தை அப்படியே வைத்துவிட்டு முதலில் அந்த அக்காவோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அவர் விரும்பினால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குக் கூடவே இருந்து போன் போட்டுக் கொடுங்கள்.